தேத்தண்ணி குடிக்காத மனிதர்

யாரையாவது புகழும்போது, "அவர் ஒருத்தரிட்டையும் ஒரு வாய் தேத்தண்ணி வாங்கிக் குடிக்காதவர்" என்று சொன்னால் நான் எழும்பிப் போய்விடுவேன். அப்படி ஒரு மனிதரிடம் நான் பல வருடம் தட்டெழுத்து வேலை பார்த்தவள். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் திருகோணமலையில் பாதிப் பேர், "ஐயோ, அந்தத் தங்கமான மனிசனையா சொல்லுறீங்கள்?" என்று என்னோடு சண்டைக்கு வருவார்கள். நான் அவரைச் சேர் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் சேர் என்றே இருக்கட்டும்.

சேர் அரசாங்கத்தில் சட்ட உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். அதன்பிறகு நடுத்தீர்ப்பாளர். பெரிய வியாபார ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்தில் ஒரு வாசகம் இருக்கும்: பிணக்கு வந்தால் நீதிமன்றத்துக்கு ஓடாமல், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு ஒருவரை நடுவில் இருத்தி, அவர் சொல்லும் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்று. அந்த நடுவில் இருக்கிற ஆள்தான் சேர். நீதிமன்றத்தில் வருடக்கணக்காக இழுபடுவது இங்கே மாதக்கணக்கில் முடிந்துவிடும் என்பதுதான் இதன் மகிமையாம். மகிமை! அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் கந்தோர் உட்துறைமுக வீதியில் ஒரு இரும்புக் கடையின் மேல்மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல். உப்புக் காற்று எதையும் சும்மா விடாது. மேசை லாச்சிச் சாவி துருப்பிடிக்கும், காற்றாடிக் கம்பி துருப்பிடிக்கும், கடதாசியில் குத்தின குண்டூசி ஒரு மாரி தாண்டுவதற்குள் துருவேறி, சுற்றிவர மண்ணிறமாக வட்டம் போட்டுவிடும். பழைய பைல்களில் குண்டூசி மாற்றுவது என் வேலைகளில் ஒன்று.

காலையில் சேர் வருவார். ஒரு கையில் குடை, மற்றக் கையில் வான நீலத்தில் ஒரு பிளாஸ்க். உள்ளே வீட்டிலிருந்து கொண்டுவந்த இஞ்சித் தேத்தண்ணி. குடிக்கிற கோப்பையையும் வெள்ளைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவருவார். விசாரணை நடக்கும்போது தரப்பு ஆட்கள் கீழே கடையிலிருந்து பிளேன்டீயும் வடையும் எடுப்பித்தால், சேர் பேனையின் பின்பக்கத்தால் அந்தத் தட்டை மெல்லத் தள்ளிவைப்பார். விரல் படாது. பிறகு தன் பிளாஸ்கைத் திறந்து, ஊற்றி, மூன்று தரம் ஊதி, ஆறுதலாகக் குடிப்பார். குடித்து முடித்ததும் கோப்பையைத் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஒருமுறை மூதூர் அரிசி வியாபாரி ஒருவர், வழக்கில் தோற்க இருந்தவர், ஒரு தயிர்ச்சட்டியைக் கந்தோர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல எருமைத் தயிர். சேர் என்னையே படியிறங்கி ஓடவைத்து, பஸ் ஏறப்போன மனிதரைப் பிடித்து அதைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். தயிர்ச்சட்டியோடு றோட்டில் ஓடும்போது எனக்குப் பெருமையில் கண் கலங்கியது. பாருங்கோ என்ர மடைத்தனத்தை.

அந்தப் பெருமை எனக்கு மட்டுமில்லை. கிண்ணியா ஹாஜியாருக்கும் இருந்தது. அதுதான் அந்த மனிதரை அழித்தது.

ஹாஜியார் கடலில் தொழில் செய்கிறவர். அவரிடம் ஒரு பார்ஜ் இருந்தது. கல்லும் மண்ணும் ஏற்றுகிற, மேலே கிறேன் பூட்டின தட்டையடி இரும்புக் கலம். வாப்பா காலத்து மரக்கலத்தை விற்று, காணியை விற்று, மனிசியின் நகையையும் போட்டு வாங்கினது. அதை வைத்து இறங்குதுறை திருத்துகிற வேலை ஒன்றை ஒரு அரசாங்கக் கூட்டுத்தாபனத்திடம் எடுத்திருந்தார். வேலை பாதியில் நிற்கும்போது நாடு கவிழ்ந்தது. டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, சனம் பெற்றோலுக்கு லைனில் நின்று மயங்கி விழுகிற காலம். கூட்டுத்தாபனம் ஒரு கடிதம் அனுப்பியது: நாட்டு நிலைமை ஒருவர் கைக்கும் அடங்காதபடியால் ஒப்பந்தம் முடிந்தது. பிணக்குத் தீரும்வரை ஒப்பந்தத்தின்படி பார்ஜ் வேலைத்தலத்திலேயே நிற்கும்.

நாடு குழம்பினால் ஒப்பந்தமும் குழம்பிப் போகுமா? அதுதான் வழக்கு. கெட்டிக்காரக் கேள்விதான். ஆனால் ஹாஜியாருக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. அவருக்கு வேண்டியது பார்ஜ். அது சீனன்குடாப் பக்கம், பாஸ் இல்லாமல் போகேலாத தடைப்பகுதிக்குள் கட்டிக் கிடந்தது.

கொழும்பிலிருந்து வந்த அவருடைய வக்கீல், "நாங்க ஒருத்தர், அவங்க ஒருத்தர், அந்த ரெண்டு பேரும் சேர்ந்து மூணாவது ஆள். மூணு பேர் இருந்தாத்தான் பாதுகாப்பு" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கூட்டுத்தாபனம், ஒரே ஆள் போதும், அது சேராக இருக்கட்டும் என்றது. ஹாஜியார் உடனே தலையாட்டிவிட்டார்.

"எங்கட காக்காட கடையில தேத்தண்ணியத் தள்ளிவெச்ச மனிசன் அவர். எங்கட வீட்டுத் தேத்தண்ணியையே வேணாமெண்டவர் வேற என்னத்துக்கு ஆசப்படப் போறார்? அவரையே போடுங்க."

காக்கா என்றது அவருடைய அண்ணனை. விருந்தாளி ஒருவர் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினால் கிண்ணியாவில் அது அவமானம். அந்த அவமானத்தையே ஹாஜியார் நேர்மைக்குச் சாட்சியாக எடுத்தார். தேத்தண்ணியில் ஆசை இல்லாதவனுக்கு எதிலும் ஆசை இல்லை என்று நினைத்துவிட்டார்.

முதல் நாள் விசாரணையிலேயே ஹாஜியார் எழும்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சேர், தீர்ப்பு ஆறுதலா வரட்டும். அந்தப் பார்ஜ்ட அடியில கொஞ்சம் ஊத்து இரிக்கி. மாசத்துக்கு ஒருக்கா மெசின் வெச்சித் தண்ணி எறச்சாத்தான் மிதக்கும். உள்ள போய் எறைக்க மட்டும் ஒரு துண்டு எழுதித் தாங்க. கூட்டுத்தாபனம் கடிதம் குடுத்தாத்தான் கேட்டில பாஸ் தருவாங்க."

சேருக்கு அந்த அதிகாரம் இருந்தது. இடைக்காலக் கட்டளை என்று பேர். நாலு வரி. நான் ஐந்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்திருப்பேன். சேர் பிளாஸ்கைத் திறந்தார். ஊற்றினார். மூன்று தரம் ஊதினார்.

"பாப்பம்," என்றார்.

அந்தப் 'பாப்பம்' எத்தனை மாதம் ஓடியது என்கிறீர்கள்! அதே கிழமையில் கொழும்பிலிருந்து ஆட்சியில் இருந்த ஒரு பெரிய குடும்பம் தப்பி வந்து இங்கே கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது என்று ஊரெல்லாம் கதை. சனம் கேட்டடியில் கூடிச் சத்தம் போட்டது. தடைப்பகுதிக்கான பாஸ் எல்லாம் இறுகிவிட்டது. ஹாஜியார் ஓடிவந்தார். "இப்பவாவது அந்தத் துண்டு எழுதுங்க சேர்."

"நாடு ஒரு நிலைக்கு வரட்டும் ஹாஜியார். இண்டைக்கு நான் ஒரு கட்டளை போட்டு, அதை மதிக்க நாளைக்குக் கதிரையில ஆள் இல்லாட்டி, சட்டத்துக்கு எல்லோ அவமானம்?"

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! நானும் அப்போது தலையாட்டினேன்.

பிறகு நாட்டுத் தலைவர் பிளேன் ஏறிப் போனார். அமைச்சர் மாறினார், கூட்டுத்தாபனத் தலைவர் மாறினார். தலைவர் மாறினால் வக்கீல் மாறுவார். புது வக்கீல் வந்து, "நேற்றுத்தான் பைல் கிடைத்தது, தவணை வேண்டும்" என்பார். சேர் கொடுப்பார். அடுத்தவர் வந்து அவசரகாலச் சட்டம் இருக்கும்போது அரசாங்க நிறுவனத்துக்கு எதிராக விசாரிக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க வாதாடினார். சேர் அதையும் எழுதிக்கொண்டார். இன்னொருவர் வந்து, நடுத்தீர்ப்புச் சட்டத்தையே திருத்தப்போகிறார்களாம், வரைவு வருமட்டும் பொறுப்போம் என்றார். சேர் அதற்கும் சரி என்றார். அந்த வரைவை எங்கள் கந்தோர் கண்ணால் கண்டதில்லை.

அந்தப் பெற்றோல் காலத்தில் சேர் உவர்மலையிலிருந்து குடையும் பிளாஸ்குமாக நடந்தே வருவார். வழியில் ஹாஜியாரின் மகன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "ஏறுங்க சேர்" என்றானாம். "ஒரு தரப்பின்ர வாகனத்தில நான் ஏறேலாது தம்பி" என்று வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். கீழே இரும்புக் கடைக்காரர் என்னிடம், "இப்படி ஒரு மனிசன் கிடைக்குமே பிள்ளை" என்றார்.

எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் பார்ஜ் தூரத்தில் தெரியும். அதன் விலாவில் நீர்மட்டத்துக்கு மேலே சிவப்புப் பட்டை அடித்திருந்தது. கலம் தாழத் தாழ அது தண்ணிக்குள் போகும். ஹாஜியார் தவணைக்கு வரும்போதெல்லாம் முதலில் ஜன்னலுக்குத்தான் போவார். "அரைச்சாண் தாண்டிட்டு தங்கச்சி," என்பார் என்னிடம். அடுத்த தவணைக்கு, "பட்டையில பாதி காணோம்." சேர் என்னிடம், "பிள்ளை, அந்த ஜன்னல் சீலையை இழுத்துவிடுங்கோ. வெயில் கண்ணில குத்துது" என்பார். அன்றைக்கு மழைக்கோலம். ஒரு பொட்டு வெயில் இல்லை. நான் எழும்பிச் சீலையை இழுத்துவிட்டேன்.

இப்போது சேரின் அலுமாரிக்கு வருகிறேன்.

நாடு கவிழ்ந்த புதிதில் சேர் எனக்கு ஒரு தீர்ப்புச் சொல்லச் சொல்ல அடிப்பித்தார். கூட்டுத்தாபனம் செய்தது சரி, ஒப்பந்தம் முடிந்தது என்று. கடைசிப் பக்கத்தில் நான் திகதி அடிக்கப் போக, "திகதியை விடுங்கோ பிள்ளை. அது கடைசியில போடலாம்" என்றார். பச்சைக் கோவையில் போட்டு அலுமாரியில் வைத்தார். இரண்டு மாதம் கழித்து, பழைய கூட்டுத்தாபனத் தலைவர் மேல் விசாரணை வருமாம் என்று பேப்பரில் வந்த அன்று, இன்னொரு தீர்ப்பு அடிப்பித்தார். அதே வழக்கு, அதே ஹாஜியார். நாட்டுக் குழப்பம் ஒப்பந்தத்தை முறிக்கக் காரணமாகாது, பார்ஜை உடனடியாக நல்ல நிலையில் உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று. அதுவும் திகதி இல்லாமல், நீலக் கோவையில்.

நான் கேட்டேன். "சேர், இதில எது தீர்ப்பு?"

"ஒரு வழக்குக்கு ரெண்டு முகம் பிள்ளை. ரெண்டையும் எழுதிப் பார்த்தாத்தான் எது சரியெண்டு விளங்கும். அவசரத் தீர்ப்பு அரைவேக்காட்டுச் சோறு."

ஆகா, என்ன படிப்பு, என்ன நிதானம் என்று வீட்டில் போய் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன். காலையில் பேப்பரைப் பார்த்த கையோடு சேர் அலுமாரியைத் திறப்பார். பழைய ஆட்கள் திரும்பி வருவார்கள் போல இருந்தால் பச்சைக் கோவையை எடுத்து வரி திருத்துவார். புது ஆட்கள் பலப்பட்டால் நீலம். சட்டப் புத்தகம் மேசையில் மூடியபடி கிடக்கும்.

ஏன் இந்தக் கூத்து என்றால், கொழும்பில் ஒரு பட்டியல் இருந்தது. அரசாங்கப் பிணக்குகளுக்குப் போடுகிற நடுத்தீர்ப்பாளர் பட்டியல். ஒவ்வொரு புது அமைச்சரும் வந்ததும் அதைப் புதிதாகப் போடுவார். அதில் தன் பேர் ஏறவேண்டும், ஏறினது இறங்கக்கூடாது. சேருக்கு அது ஒன்றுதான் ஆசை. அமைச்சர் மாறும்போதெல்லாம் ஒரு வாழ்த்துக் கடிதம் அடிப்பித்தார். 'தங்கள் வருகையால் இந்நாட்டில் நீதி மலரும்' என்று தொடங்கும். நாலு அமைச்சருக்கும் அதே கடிதம். பேரை மட்டும் மாற்றினால் போதும் என்று அவரே சொன்னார். நான் மாற்றினேன். சீ! தயிர்ச்சட்டியை வாங்கித் தின்றுவிட்டு ஒரு தீர்ப்பை நேரத்துக்கு எழுதியிருந்தால் அவரை நான் இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

என்னையும் சேர்த்துத்தான் துப்பவேண்டும். இரண்டாவது மாரிக்கு முன்னம் ஒரு நாள் படியில் ஹாஜியார் என்னை மறித்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். அவர் தீர்ப்ப எழுதிட்டாரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. எழுதல்லையெண்டா வக்கீலப் புடிச்சி அவர மாத்தக் கேப்பன். எழுதிட்டாரெண்டா பொறுத்திரிப்பன்."

நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். திகதி போடாத இரண்டு தீர்ப்பு அலுமாரியில் கிடக்குது, உங்கட வக்கீலிட்டச் சொல்லுங்கோ என்று. சேரை அன்றைக்கே கதிரையிலிருந்து எழுப்பியிருப்பார்கள். புது ஆள் வந்து அந்த நாலு வரியை எழுதியிருப்பார். ஆனால் கந்தோர்க் கதையை வெளியே கதைப்பதில்லை என்று நான் கையெழுத்து வைத்தவள். வேலை போனால் அந்தக் காலத்தில் வேறு எங்கே போவது?

"எனக்குத் தெரியாது ஹாஜியார்," என்றேன்.

"சரி தங்கச்சி. நேர்மையான மனிசன்தானே. பொறுப்பம், இன்ஷா அல்லாஹ்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த மாரியில் மழை விடாமல் ஆறு நாள் அடித்தது. ஏழாம் நாள் நான் ஜன்னல் சீலையை விலக்கினேன். பட்டையும் இல்லை, பார்ஜும் இல்லை. கிறேனின் நுனிக்கம்பி மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. பின்னேரம் ஹாஜியார் நனைந்தபடி மேலே வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"தாண்டுபோச்சு சேர்," என்றார்.

சேர் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். "இண்டைக்கு உங்களுக்குத் தவணை இல்லையே ஹாஜியார்," என்றார்.

அதன்பிறகு தேர்தல் வந்தது. புது ஆட்சி வந்தது. இது நிலைக்கும் என்று சேருக்கு நம்பிக்கை வர இன்னும் சில மாதம் எடுத்தது. ஒரு நாள் பேப்பரை மடித்துவைத்துவிட்டு நீலக் கோவையை எடுத்தார். "பிள்ளை, இனித் திகதி போடலாம்," என்றார்.

நான் வாசித்துப் பார்த்தேன். "சேர், பார்ஜை நல்ல நிலையில ஒப்படைக்கவேணும் எண்டெல்லோ இருக்கு. அது தாண்டு கிடக்குதே."

"அது எனக்கு முன்னால சாட்சியமா வரேல்லை பிள்ளை. பதிவில இல்லாததை நான் எப்படி எழுதுறது?"

முழுவதையும் புதிதாக அடிக்கவா என்று கேட்டேன். கடதாசி விற்கிற விலைக்கு ஏன், கடைசிப் பக்கம் மட்டும் போதும் என்றார். அடித்தேன். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றி, அதே துளைகளில் புதுக் குண்டூசி குத்தினேன். மண்ணிற வட்டம் முன்பக்கங்களில் அப்படியே கிடந்தது. நான் ஏதோ துணிந்து செய்தேன் என்று நினைக்காதீர்கள். சோம்பல், வேறொன்றுமில்லை.

கூட்டுத்தாபனத்துக்குரிய பிரதியைத் தபாலில் போட்டார். ஹாஜியாருடையதைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்றார். முகத்தில் மாப்பிள்ளைக் களை. "வழக்கு முடிஞ்சுது. இனி ஹாஜியார் வீட்டில நான் தேத்தண்ணி குடிக்கலாம். வாங்கோ பிள்ளை." தன் காசில் ஓட்டோ பிடித்துப் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனோம். அன்றைக்கு அவர் பிளாஸ்க் கொண்டுவரவில்லை.

ஹாஜியார் எங்களைக் கூப்பிட்டு இருத்தினார். இளைத்திருந்தார். மனிசி நல்ல கோப்பைகளில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சேர் தீர்ப்பை இரண்டு கையாலும் நீட்டி, "நீங்கள் வெண்டிட்டீங்கள் ஹாஜியார். நாடே தலைகீழா நிண்ட நேரம், ஒருத்தருக்கும் வளையாமல் எழுதின தீர்ப்பு," என்றார். பிறகு கோப்பையை எடுத்தார். மூன்று தரம் ஊதினார். குடித்தார்.

"நல்ல சாயம்," என்றார்.

ஹாஜியார் தீர்ப்பை வாசிக்கவில்லை. குண்டூசி குத்தின மூலையைத்தான் பார்த்தார். பெருவிரலால் அந்த மண்ணிற வட்டத்தைத் தடவினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அது வெள்ளையாக இருந்தது. திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனார்.

தலை நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். சேரைப் பார்க்கவில்லை.

"இரும்போட பொழைச்ச கை தங்கச்சி இது. இந்தத் துரு ரெண்டு மாரியாவது கண்டிரிக்கி."

படியில் அன்றைக்கு நான் சொன்ன பொய் அவருக்கு விளங்கிவிட்டது; நான் குனிந்து என் கோப்பையைப் பார்த்தேன். சேர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கினதோ, விளங்காததுபோல் இருந்தாரோ, அது அவருக்கும் அந்த அலுமாரிக்கும்தான் வெளிச்சம்.

ஹாஜியார் தீர்ப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என் பக்கம் இருந்த கோப்பையை, என் கைக்கு எட்டும்படி மெல்ல நகர்த்தினார்.

"குடிங்க தங்கச்சி, ஆறப்போகுது," என்றார்.

சேர் தன் வெறுங் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "இன்னொரு கோப்பை கிடைக்குமா அம்மா?" என்று கேட்டார்.

நான் என்னுடையதைக் குடித்து முடித்தேன்.